துரையின் கையில் ஊதாக் கோடு

போன மாதம் பதுளைக் கடையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் வேலையை விட்ட பிறகு அங்கே மர வேலைக்குச் சேர்ந்த நிரோஷன் பேசினான்.

"அண்ணே, ஒரு ரிவால்வருக்குப் புதுசா பிடி கேட்டிருக்காங்க. அங்குலத்துக்கு இருபது கோடு போடவா, இருபத்திரண்டு போடவா?"

"ஆளோட கையைப் புடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "படம் அனுப்பியிருக்காருண்ணே. கைய எதுக்குப் புடிக்கணும்? ஜாதகமா பாக்கப் போறோம்?"

அவனுக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினேழு வருடம் துப்பாக்கி திருத்தும் கடையில் வேலை செய்தவன் நான். ஒரு தோட்டாவைக்கூட விரலால் தொட்டதில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி லெட்சுமியே இரண்டு வருடம் கழித்துத்தான் நம்பினாள்.

நான் பிறந்தது தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி ஆசாரியாக இருந்தேன். பலகைப் பெட்டி செய்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, தூள் நிரப்பி, மூலைக்குத் தகரம் அடித்து அனுப்புவது என் வேலை. தொண்ணூறுகளில் ஒருநாள் லொறியில் கட்டுக்கட்டாகக் காகிதச் சாக்கு வந்து இறங்கியது. இனித் தூள் சாக்கில் போகும் என்றார்கள். பெட்டி வேலை முடிந்துவிட்டது என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரை கையெழுத்துப் போட்ட கடிதம் என் கைக்கு வந்தது. மலையில் புல்லு வெட்டப் போகலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு வயதில் புல்லுக் கத்தியோடு மலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. உளி பிடித்த கை என்ற திமிர் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பதுளை பஸாரில் விமலதாச பாஸின் கடைக்கு மரம் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர் எல்லாரும் 'பாஸ்'தான். இந்த பாஸ் என்னைவிட ஆறு வயது இளையவர். சிங்களவர், பஸாரிலேயே வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். லைசன்ஸ் உள்ள ஷொட்கன்கள், துரைமாருடைய ரிவால்வர்கள் எல்லாம் அவரிடம்தான் திருத்தத்துக்கு வரும். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"பெட்டி பாஸ், மரம் உனக்கு. இரும்பு எனக்கு. உள் ரூமுக்கு வரக்கூடாது. செஞ்ச பிடி எதையும் கடையை விட்டு வெளிய கொண்டு போகக்கூடாது. ஆறு மாசம் பாப்போம். சரிவரலன்னா கோவிக்காம போயிறணும்."

அது யுத்த காலம். பொலிசுக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் 'மர வேலை மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். தோட்டத்துத் தமிழன் பையில் ரிவால்வர் பிடி ஒன்றை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சோதனைச் சாவடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அவர் சட்டத்தில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் துப்பாக்கியையே பார்க்காமல் துப்பாக்கிக்குப் பிடி செய்யும் ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

பிடியில் கட்டம் வெட்டுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வியர்வைக் கையில் வழுக்காமல் இருக்க, மரப்பிடியின் மேல் சாய்வாக ஒரு பக்கமும், அதைக் குறுக்கே வெட்டி மறுபக்கமும் கோடு இழுப்போம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சின்னச் சின்ன வைரக்கல் மாதிரிக் கூர்கள் நிற்கும். பார்க்க அழகு. செய்யக் கண் போகும்.

முதலில் எந்த இடத்துக்குள் கட்டம் வரவேண்டுமோ அதற்கு எல்லைக்கோடு. பிறகு ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தாய்க்கோடுகள். அதற்குப் பிறகுதான் இரட்டைப் பல் அரம். பாஸ் இரும்பறுக்கும் வாள்துண்டில் அவரே தேய்த்துச் செய்தது. ஒரு பல் வெட்டிய கோட்டில் ஓடும், மறுபல் பக்கத்தில் புதுக்கோட்டை வெட்டும். முதல் சுற்றில் ஆழமாக வெட்டக்கூடாது, கீறினால் போதும். இரண்டு பக்கமும் கீறி முடிந்த பிறகு ஒற்றைப் பல் அரத்தால் ஒவ்வொரு கோட்டையும் மூன்று நான்கு தடவை ஆழமாக்க வேண்டும். எல்லைக்கோட்டுக்குக் கிட்டே வந்ததும் இடது கைப் பெருவிரலை முட்டுக் கொடுத்து, கால் அங்குலம் கால் அங்குலமாகத் தள்ள வேண்டும். கோடு எல்லையைத் தாண்டினால் அந்தப் பிடி அடுப்புக்குத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முடியாத கூர்கள் தலை மொட்டையாக மினுங்கும். மினுங்கல் போகும்வரை வெட்டி, பழைய பல்துலக்கும் பிரஷால் தூசு தட்டி, அதே மாதிரி இன்னொரு பிரஷால் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் முடிந்தது.

பெட்டி ஆசாரிக்கு இது லேசில் வரவில்லை. ஒரு கோடு நூலளவு நெளிந்தால் அடுத்தடுத்த கோடும் அதோடு சேர்ந்து நெளியும். பத்தாவது கோட்டில் பாம்பு ஓடுவது போலிருக்கும். பிடியை வெளியே கொண்டுபோகக் கூடாதே, அதனால் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலை மரத்தின் அடிக்கட்டையை அறுத்து, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினேன். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி. அதில் கோடு நேராக வந்துவிட்டால் எதிலும் வரும்.

பாஸ் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவர் முறையே வேறு. வேலை பிழையென்றால் பிடியை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாமே நிமிர்த்தி வைத்துத் தேட வேண்டும். நான் கெட்ட வார்த்தைக்குப் பழகினவன், தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? இந்தக் கவிழ்த்து வைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாவது மாதத்தில் எங்கள் தோட்டத்துப் பெரிய துரை கடைக்கு வந்தார். என் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே துரைதான். அவரை எங்கள் லயங்களில் ஒருவருக்கும் பிடிக்காது. அதற்கு ஒரு வருடம் முன்னால் அவருடைய ஜீப் பள்ளத்தில் உருண்டது. கையில் கட்டோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனவர் கட்டில்லாமல் திரும்பி வந்தார், குணமாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் அன்றிலிருந்து காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடிதான் நிற்பார். நாங்கள் சலாம் வைத்தால் முன்பெல்லாம் கையை உயர்த்துவார். இப்போது தலையை மட்டும் அசைத்தார். "செத்துப் பொழச்சு வந்தும் கொழுப்பு அடங்கல" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். பேசினவர்களில் நானும் உண்டு.

கடையில் பாஸிடம் அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அவருடைய ரிவால்வரின் பழைய பிடி மெலிந்தது, கையில் நிற்கவில்லையாம். பாஸ் என்னைக் கூப்பிட்டார். "பெட்டி பாஸ், தொரை கையைப் பாத்து அளவு எடு. இந்த வேலை முழுசா உன்னோடது." பிறகு என் காதருகே, "இத வச்சுத்தான் உன்னை வச்சுக்கிறதான்னு முடிவு" என்றார்.

நான் போய் நின்றேன். மூன்றடி தள்ளி, கைகட்டி நின்றேன். துரை பையிலிருந்து கையை எடுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே விட்டுக்கொண்டார். சின்னவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் நேராக இருந்தது தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துரைக்கு ஒரு கடிதம் கொடுப்பதானாலும் கையில் கொடுக்க மாட்டோம், பங்களாப் படியில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்போம். அப்படி வளர்ந்தவன், அந்தக் கையை இழுத்துப் பிடித்து அளவு எடுப்பதாவது? "பாத்துட்டேங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. உடைந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியின் கட்டையிலிருந்து நல்ல ரேகை ஓடும் துண்டாக எடுத்தேன். அங்குலத்துக்கு இருபத்திரண்டு கோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். துரையைக் குளிரவைக்க வேண்டும் என்று, இரண்டு பக்கமும் கட்டத்துக்கு நடுவில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வடிவத்தில் கொழுந்து ஒன்றை வழுவழுப்பாக விட்டுச் சுற்றிலும் வெட்டினேன். தேயிலைத் துரைக்குத் தேயிலைக் கொழுந்து. என் கைவேலையை நானே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

துரை வந்தார். பாஸ் பிடியை மாட்டி, உள் ரூமில் அவரிடம் கொடுத்தார். நான் வெளியே மேசையில் இருந்தேன். சீமெந்துத் தரையில் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தடவை விழுந்தது.

துரை வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. "வேலை நல்லாத்தான் இருக்கு" என்றார் என்னைப் பார்க்காமல். "கைதான் சரியில்ல." ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பாஸ் பிடியைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஆனால் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. அப்படியே நின்றார்.

"பிடிய இறுக்குற மூணு விரல்ல அந்தாளுக்கு ஒழுங்கா வேலை செய்யிறது நடுவிரல் மட்டுந்தான். அந்த விரல் படுற எடத்துலதான் நீ கொழுந்து விட்டிருக்க. கையைப் புடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க பாஸ்."

"புடிச்சுப் பாத்தியான்னு கேட்டேன்."

"தொரை கையை எப்படிங்க பாஸ் புடிக்கிறது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவருக்கு அது புரியவில்லை, புரிந்திருக்கவும் முடியாது. "இது ஒங்க தோட்டமில்ல, என் கடை" என்றார். "திங்கக்கிழமை அவரை மறுபடி வரச்சொல்றேன். கையைப் புடிக்க முடிஞ்சா வா. முடியலன்னா வராத."

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை பஸ்ஸில் பதுளைக்குப் போகும்வரை 'கையைக் கொஞ்சம் குடுங்க தொரை' என்று வாய்க்குள் சொல்லிப் பழகினேன். நான்கு சொல்தான், ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது. துரை வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் பாஸ் வேண்டுமென்றே உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கையைக் கொஞ்சம் குடுங்க தொரை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, மரத்தூளுக்கு மேலே மேசையில் வைத்தார். "நீ எங்க தோட்டத்து ஆளா?"

"ஆமாங்க. மேல் டிவிசன். பெட்டி ஆசாரி மாரிமுத்துங்க."

"பெட்டி" என்று மட்டும் சொன்னார்.

பிடித்தேன். அந்த இரண்டு விரலும் மற்ற விரல்களைவிடக் குளிர்ந்திருந்தன. மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. பயம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அதன்பின் அது துரை கையாகத் தெரியவில்லை, பழுதுபட்ட ஒரு கையாகத்தான் தெரிந்தது.

"வலிக்குதுங்களா?"

"அதுல ஒன்னுமே தெரியாது."

"எது வரைக்கும் தெரியாதுன்னு பாத்துக்கிறேங்க." தீக்குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். இங்கே? இல்லை. இங்கே? இல்லை. இங்கே? ம்ம். உணர்வு தொடங்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். உள்ளங்கை நடுவே இறங்கி, மணிக்கட்டுக்குக் கிட்டே வளைந்து போனது அந்தக் கோடு. பிடி தாங்கும் இடங்களைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன். கடைசியில் ஜன்னலுக்குக் கண்ணாடி பதிக்கிற புட்டிப் பசையை உருட்டிக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கையின் அச்சு முழுதும் அதில் விழுந்தது.

எழும்பும்போது துரை சொன்னார். "தோட்டத்துல சொல்லாத. ஒங்க ஆளுங்களுக்காக இல்ல. கொழும்புல கம்பனிக்காரங்க காதுல விழுந்தா, கை வெளங்காதவன் தோட்டத்தை எப்படி நடத்துவான்னு கேப்பாங்க."

"சொல்ல மாட்டேங்க தொரை" என்றேன்.

ஆறு மணி பஸ்ஸில் தெமோதரைக்குத் திரும்பும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கோடு போட்டது சாதாரணப் பென்சில் இல்லை. பெட்டிக்கு நம்பர் போட ஸ்டோரில் வைத்திருந்த மைப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா நிறத்தில் பிடித்துக்கொள்ளும், மழையில் நனைந்தாலும் பெட்டியை விட்டுப் போகாது. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் நாக்கில் தொட்டுத்தான் போட்டிருக்கிறேன். என் எச்சிலைத் துரை கையில் தடவி அனுப்பியிருக்கிறேன். காறித் துப்பினால்கூட மன்னித்திருப்பார் என்று தோன்றியது.

இரண்டாவது பிடியை அந்தப் பயத்தோடுதான் செய்தேன். கொழுந்தும் இல்லை, மொட்டும் இல்லை. புட்டி அச்சைப் பார்த்து, நீட்டி நிற்கும் விரல்களுக்குக் கீழே மரத்தைப் பருமனாக விட்டு வழுவழுப்பாகத் தேய்த்தேன். உணர்வில்லாத தோல் கட்டத்தில் உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாதே. நடுவிரலுக்கும் உள்ளங்கையில் பெருவிரல் அடிமேட்டுக்கும் மட்டும் அங்குலத்துக்குப் பதினெட்டுக் கோடு, ஆழமாக, கூராக. பார்க்க அவலட்சணமாக இருந்தது. ஒரு பக்கம் வீங்கின கன்னம் மாதிரி.

இதற்கிடையில் ஒரு மாலை லெட்சுமி கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள், கூடையின் தலைக்கயிற்றைக் கழற்றாமலேயே பேச ஆரம்பித்தாள்.

"கேட்டீங்களா, தொரை கையில யாரோ ஊதா மையில கோடு கோடா இழுத்திருக்காங்களாம். பங்களாவுல சமைக்கிற அப்பு கண்ணால பாத்தாராம். சோப்புப் போட்டுத் தேச்சாலும் போகலையாம். செய்வினை எடுத்திருக்காங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"அப்பு பயந்துபோயி கேட்டுட்டாராம். தொரை சிரிச்சுட்டு, ரெண்டு வெரலு மடங்காது, அதுக்குத்தான் அளவெடுத்தாங்கன்னு சொல்லிட்டாராம். ஜீப்பு உருண்டதுல இருந்தே அப்படித்தானாம். அந்தக் கையைத்தான் பாவம் மனுசன் பைக்குள்ள மறைச்சு வச்சிருந்திருக்காரு." அவள் கூடையை இறக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நாம என்னென்ன பேசினோம்."

கொடுத்த வாக்கை என் வாய் காப்பாற்றியது, என் பென்சில் கெடுத்துவிட்டது. கம்பனி காதில் விழுந்து அவருக்கு வேலை போனால் அந்தப் பாவம் எனக்கு. விழாவிட்டாலும் நான்தான் வாயைத் திறந்தேன் என்று நினைப்பார். பாஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போகும். புல்லுக் கத்தியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றுகூட அன்று யோசித்தேன்.

சொன்ன நாளில் துரை வந்தார். பாஸ் பிடியை மாட்டி அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் தரையில் சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கதவு திறந்து பாஸ் மட்டும் தலையை நீட்டினார். "கீழ பாத்துத் தொங்கவிட்டு உலுக்குறாரு. விழல" என்றார். பிறகு, "நாளைக்கு நேரத்தோட வா. எண்ணெய் வாங்கணும்" என்றார். நாளைக்கு வா என்பதுதான் எனக்கு வேலை நிரந்தரமான செய்தி. அதைவிடப் பெரிதாக அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியதைத் தும்மல் மாதிரிச் சமாளித்தேன்.

துரை வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நான் சொல்லலைங்க தொரை" என்றேன் முந்திக்கொண்டு.

"தெரியும். ஒன் பென்சில் சொல்லிருச்சு." கோபமா இல்லையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "கம்பனிக்கும் நானே எழுதிட்டேன். ஊருக்கே தெரிஞ்சப்புறம் மறைக்க என்ன இருக்கு? வேலையில இருக்கச் சொல்லிட்டாங்க."

மூச்சு விட்டேன். அவர் போகவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அது பிரச்சினையில்ல மாரிமுத்து. பெரட்டுக்குப் போனா, கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க எல்லாம் வரிசையா கேக்குறாங்க. கை எப்படி இருக்கு தொரைன்னு. எட்டு வருசமா அங்க இருக்கேன். லீவு கேப்பாங்க, கூரைத் தகரம் கேப்பாங்க. இப்படி ஒருநாளும் கேட்டதில்ல. என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க தொரை."

"நல்லா இல்லையே."

"அப்ப அதையே சொல்லுங்க" என்றேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, சரி என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார்.